மதிலும் வேலியும்

ஓர் ஊரின் இயல்பை அறிய வேண்டுமாயின் அங்குள்ள வீடுகளைப் பார்த்தால் மட்டும் போதாது. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஊரார் எதை வைத்திருக்கிறார்கள் என்பதையும் பார்த்தல் வேண்டும். இந்த எளிய உண்மை எமக்கு விளங்கியது எழுபது வயதைக் கடந்த பின்னரே. அதுவும் பிறந்த ஊரிலே விளங்கவில்லை. ஏறக்குறைய ஐயாயிரம் மைலுக்கு அப்பால், பனிமலைகள் சூழ்ந்த தேசத்திலே, ஒரு சிறு குன்றின்மேல் நின்றபோதுதான் விளங்கியது.

எமது ஊர் மயிலிட்டி. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே, கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊர். மீன்பிடித் துறைமுகத்தால் இலங்கை முழுவதும் பெயர் பெற்றது. வடக்கே கடல், கரையோரமாகப் பருத்தித்துறை நோக்கிச் செல்லும் வீதி, தெற்கே செம்மண் தோட்டங்கள். கடலும் தோட்டமும் ஒரே ஊருக்குள் இருந்தபடியால், காலையில் கரைவலை மீனும் மாலையில் கத்தரிப் பிஞ்சும் ஒரே சந்தையிற் சந்தித்துக் கொண்ட காலம் ஒன்று உண்டு.

1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் அக்காலம் முடிந்தது. போர் எங்களை ஒரே நாளில் ஊரை விட்டு எழுப்பியது. ‘நாலு நாளிலே திரும்பிவிடலாம்’ என்று வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்துகொண்டு புறப்பட்டோம். அந்த நாலு நாள் இருபத்தேழு ஆண்டுகளாயிற்று. 2017 ஆம் ஆண்டு யூலை 3 ஆந் தேதி துறைமுகமும் அதனைச் சூழ்ந்த 54 ஏக்கர் நிலமும் மக்களிடம் மீண்டன. எமது நாலு பரப்புக் காணியும் அந்த 54 ஏக்கருக்குள் அடங்கியிருந்தது. எமது ஊர் வழக்கில் பதினாறு பரப்புச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். எனவே எமக்கு உரியது கால் ஏக்கர் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஊர் மீண்டது, ஆனால் ஊரைக் காணவில்லை. வீடு இருந்த இடத்தில் வீடில்லை. ஒழுங்கை இருந்த இடத்தில் ஒழுங்கை இல்லை. எங்கும் பற்றைக்காடு. எமது காணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அறிய ஓர் அடையாளமும் இல்லாமல், கையில் உறுதிப் பத்திரத்துடன் காட்டின் நடுவே நின்றோம். அந்நிலையை எழுத்தில் வடிப்பது அரிது.

சுவிற்சர்லாந்தில் பேர்ண் நகரத்தில் வாழும் எமது மகள் செய்தியறிந்து மகிழ்ந்தாள். “அப்பா, முதலிலே சுற்றிவர நல்ல உயரமாக மதிலைக் கட்டுங்கோ. காசு அனுப்புகிறேன். வீட்டைப் பிறகு பார்க்கலாம்” என்றாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. இழந்து பெற்ற பொருளை இறுகப் பிடித்துக் கொள்ளத் தோன்றுவது மனித இயல்பு. மீளக் குடியேறிய பலரும் அவ்வாறே செய்தனர். வீட்டுக்கு அத்திவாரம் போடுமுன்னரே சீமெந்துக் கல் மதில்கள் எழுந்தன.

நாம் மட்டும் இன்று நாளை என்று கடத்தி வந்தோம். மதில் கட்டுவதாயின் எல்லை தெரிய வேண்டும். எல்லை தெரிய வேண்டுமாயின் நில அளவையாளரை அழைக்க வேண்டும். அவரை அழைக்க எமக்கு விருப்பமில்லை. அதற்குரிய காரணத்தை மகளிடமும் சொல்லவில்லை. இங்கே பின்னர் சொல்லுவோம்.

சென்ற ஆண்டு கோடைகாலத்தில் மகள் எம்மைத் தன்னிடம் அழைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, “அப்பா, உங்களுக்குப் பழைய இடங்கள் பிடிக்குமே, குறுயேர் என்று ஓர் ஊர் இருக்கிறது, காட்டுகிறேன்” என்று புறப்படச் செய்தாள். பத்து வயதுப் பேத்தியும் உடன் வந்தாள். புகைவண்டியில் பிறிபேர்க் மாகாணத்துக்குச் சென்று, புல் என்னும் சிறுபட்டணம் வழியாகக் குறுயேர் நிலையத்தில் இறங்கினோம். நிலையம் அடிவாரத்தில், ஊர் குன்றின் உச்சியில். கடல் மட்டத்திலிருந்து எண்ணூறு மீற்றர் உயரம். பின்னணியிலே மோலேசோன் என்னும் பெருமலை. குடாநாட்டின் மிக மேடான இடமும் கடலுக்குமேல் சில பத்தடிக்கு மேல் எழாது. அத்தகைய தட்டை நிலத்திலே பிறந்து வளர்ந்த கால்களுக்கு அந்த ஏற்றம் ஒரு சோதனையே. பேத்தி கையைப் பிடித்து இழுக்க, இளைத்து இளைத்து ஏறினோம்.

வாயிலைக் கடந்ததும் எம்மை அறியாமலே நின்றுவிட்டோம். ஊர் முழுவதும் ஒரே பார்வையில் அடங்கிவிட்டது! நடுவே கல் பாவிய அகன்ற ஒரே வீதி. அதுவே சந்தையும், முற்றமும், மன்றமும். வீதி சற்றே தாழ்ந்து சென்று, நடுவிலுள்ள நீரூற்றுத் தொட்டியைத் தொட்டு, மறுபடி கோட்டையை நோக்கி உயர்கிறது. இருமருங்கும் தோளோடு தோள் ஒட்டிய வீடுகள். அவற்றுட் பல 15 ஆம் நூற்றாண்டு தொடக்கம் 17 ஆம் நூற்றாண்டு வரையிற் கட்டப்பட்டவை. ஊரைச் சுற்றி மதில். கிழக்குக் கோடியில், எல்லாவற்றிலும் உயர்ந்த இடத்தில், பிரபுக்களின் கோட்டை. கோட்டைக்குக் கீழே, சரிவில், 1254 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேவாலயம். மோட்டார் வண்டிகளுக்கு உள்ளே இடமில்லை. காலடி ஓசையும் நீரின் ஓசையுமே கேட்டன.

ஊரின் பெயரைப் பற்றி மகள் சொன்ன செய்தி எமக்குப் பெருவியப்பளித்தது. பிரெஞ்சு மொழியில் ‘குறூ’ என்றால் நாரை. ஊரின் கொடியிலே சிவந்த தளத்தில் வெண்ணாரை ஒன்று நிற்கிறது. நாரையின் பெயரைத் தாங்கிய அவ்வூருக்கு, மயிலின் பெயரைத் தாங்கிய ஊரிலிருந்து நாம் வந்திருக்கிறோம்! இரண்டு பறவைகளும் ஒன்றையொன்று சந்தித்துக் கொண்டதுபோல எமக்குத் தோன்றியது. உடனே அந்த ஊரிடத்தில் ஓர் உறவு உண்டாகிவிட்டது.

மத்திய காலத்து ஐரோப்பாவில் இத்தகைய ஊர்கள் பல எழுந்தன. இத்தாலியில் சியேனா நகரத்தார் 13 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொந்தரிஜ்ஜோனி என்னும் குன்றூரை அமைத்து, பதினான்கு கோபுரங்களையுடைய வட்டமதிலால் வளைத்தனர். பிரான்சில் துலூஸ் நாட்டுப் பிரபு 1222 ஆம் ஆண்டில் கோர்த் என்னும் ஊரைக் குன்றின்மேல் நிறுவினார். அரசனுடைய கை நெடுந்தூரம் எட்டாத காலம் அது. அயற்பிரபு எப்போது படையுடன் வருவான் என்று சொல்வதற்கில்லை. குன்று பாதி மதில். கல்லாற் கட்டியது மறுபாதி. எமது தமிழகத்திலும் செஞ்சியில் இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் ஒரே மதிலாற் பிணைத்து, உள்ளே களஞ்சியமும் குளமும் மண்டபமும் அமைத்தார்கள் அல்லவா? அச்சம் எங்கும் ஒன்றே. அது தேடும் உயரமும் ஒன்றே.

குறுயேரின் சரித்திரமும் படிப்பினை தருவது. 11 ஆம் நூற்றாண்டிலிருந்து 16 ஆம் நூற்றாண்டு வரை பத்தொன்பது பிரபுக்கள் அங்கே ஆண்டார்கள் என்று பதிவு உண்டு. இன்றைய கோட்டை 13 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. இத்தனை மதிலும் கோபுரமும் இருந்தும், கடைசிப் பிரபுவாகிய மிக்கேலை வீழ்த்தியது பகைவர் படையன்று, கடன்! 1554 ஆம் ஆண்டில் அவர் கடனாளியாகி ஊரை விட்டு ஏகினார். கடன் கொடுத்த பிறிபேர்க், பேர்ண் என்னும் இரு நகரத்தாரும் அவருடைய நாட்டைப் பங்கிட்டுக் கொண்டனர். 1849 ஆம் ஆண்டில் கோட்டை தனியார் குடும்பங்களுக்கு விற்கப்பட்டது. அவர்கள் கலையன்பர்களாதலின் கொறோ முதலிய ஓவியர்கள் அங்கே வந்து தங்கினார்கள். 1938 ஆம் ஆண்டில் மாகாண அரசு கோட்டையை மீள வாங்கி நூதனசாலையாக்கியது. படையெடுப்பைத் தடுக்கும் மதில் கடன்பத்திரத்தைத் தடுக்காது என்பதைக் கல்யாண வீடுகளுக்குக் கடன்படும் எம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

வீதியிலே ஒரு பழைய கல் உண்டு. அதிலே சிறிதும் பெரிதுமாகக் குழிகள் குடைந்திருக்கிறார்கள். அவை பண்டைக்காலத்துத் தானிய அளவைகள். விற்பவனும் வாங்குபவனும் தத்தம் மரக்காலைக் கொண்டுவந்து சண்டையிட வேண்டியதில்லை. ஊர்க்கல்லிற் கொட்டி அளந்துகொள்ள வேண்டியதுதான். அளவு எவனுடைய வீட்டிலும் இல்லை. ஊரின் நடுவே, எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்கிறது. அக்கல்லைத் தடவிக்கொண்டு நெடுநேரம் நின்றோம். அதன் காரணமும் பின்னரே வரும்.

அப்போதுதான் பேத்தி கேட்டாள்: “அம்மப்பா, எங்கட மயிலிட்டிக்கும் இப்படிச் சுத்திவர மதில் இருந்ததோ?”

“இல்லை, பிள்ளை. மதிலும் இல்லை, மலையும் இல்லை.”

“அப்ப ஊர் எங்க முடியுது என்று எப்படித் தெரியும்?”

குழந்தையின் கேள்விக்கு மறுமொழி சொல்லத் தொடங்கிய பின்னரே, நாம் முப்பத்தேழு வயது வரை வாழ்ந்த ஊரின் அமைப்பைப் பற்றி ஒரு நாளாவது சிந்தித்ததில்லை என்பது எமக்குத் தெரிந்தது. நீரூற்றின் அருகே அமர்ந்து, கைத்தடியால் தரையிற் கோடு கீறிக் காட்டினோம். அன்று பேத்திக்குக் கூறியதையே வாசகர்களுக்கும் கூறுகின்றோம்.

தட்டை நிலத்தார் தம் ஊரை மதிலாற் காத்ததில்லை. தெய்வங்களை நிறுத்திக் காத்தார்கள். தமிழரசரின் தலைநகராகிய நல்லூரின் நான்கு திசைகளிலும் வெயிலுகந்த பிள்ளையார், வீரமாகாளி, கைலாசநாதர், சட்டநாதர் என நான்கு கோயில்கள் அமைந்திருப்பதை அறிவோம். பெரிய கல்மதில் எங்கள் நாட்டுக்கு வந்தது அந்நியர் கையாலேயே. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை இடித்து, ஒல்லாந்தர் 1680 ஆம் ஆண்டளவில் ஐந்து கோணங்களாக யாழ்ப்பாணக் கோட்டையைக் கட்டினார்கள். அது கடலோரத்துச் சமநிலத்தில் நிற்பது. குன்றின் உயரம் கிடையாதபடியால், அகழியையும் சரிந்த தடித்த மதிலையும் கொண்டு ஈடு செய்தார்கள். ஆனால் அந்த மதில் ஊரைக் காக்கவில்லை. ஊரை ஆண்டவரைக் காத்தது.

ஊருக்கு மதில் இல்லை; ஆனால் வளவுக்கு வளவு வேலி உண்டு. யாழ்ப்பாணத்து வேலியைக் காணாதவர்களுக்கு அதனைச் சொல்லி விளக்குதல் கடினம். பூவரசு, கிளுவை, முள்முருக்கு முதலிய மரங்களின் தடிகளைக் கதியாலாக நட்டு, அவை துளிர்த்து நின்றபின் குறுக்கே வரிச்சுப் பிடித்து, பனையோலையாலோ கிடுகாலோ ஆளுயரத்துக்கு மேல் அடைத்துக் கட்டுவார்கள். ஓலை மக்கிப்போகும், மீண்டும் அடைக்க வேண்டும். கழித்த பழைய ஓலை வீணாவதில்லை. தோட்டத்திலே தாழ்த்துப் பசளையாக்குவார்கள். கதியாலின் குழை ஆட்டுக்கு உணவு. இடையிலே வளரும் ஆடாதோடை இருமலுக்கு மருந்து. கல்மதில் கட்டியவனுக்குக் காவல் மட்டுமே தரும். எமது வேலியோ ஆட்டையும், தோட்டத்தையும், நோயாளியையும் தாங்கியது.

வேலிகளுக்கு இடையே ஓடுவது ஒழுங்கை. ஒரு மாட்டுவண்டி போகும் அகலம். பல இடங்களில் அதுவும் இல்லை. அது நேராகச் செல்வதில்லை. வளைந்து, முடங்கி, சில வேளைகளில் ஒருவருடைய படலையில் முடிந்துவிடும். ‘இதென்ன ஒழுங்கில்லாத ஒழுங்கை!’ என்று வெளியூரார் நகைப்பதுண்டு. ஆனால் அவ்வளைவுகளுக்குக் காரணம் உண்டு. பாட்டனாரின் பெருவளவு மகள்மாருக்குச் சீதனமாகப் பிரியும். பிரியும்போதெல்லாம் உள்ளே அகப்பட்ட துண்டுக்கு வழி விடவேண்டும். உறுதியிலே ‘கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் பங்கு’ என்று எழுதுவார்கள். அந்த வழி விடுகைகள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து ஒழுங்கைகளாயின. குறுயேரின் வீதியை ஒரு பிரபு ஒரு நாளில் நினைத்து வகுத்திருக்கலாம். மயிலிட்டியின் ஒழுங்கைகளை வகுத்தவர்கள் மணப்பெண்கள்!

படலையைத் திறந்தால் முற்றம். வசதியுள்ளோர் படலைக்கு மேலே சிறு கூரையிட்டு இருபுறமும் திண்ணை அமைப்பார்கள். அது சங்கடப் படலை. வழிப்போக்கன் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி, அங்கே வைத்திருக்கும் மண்பானைத் தண்ணீரைக் குடித்துப் போகலாம். வீட்டுக்காரரின் அனுமதி வேண்டியதில்லை. கோட்டை வாயில் அந்நியனை நிறுத்திக் கேள்வி கேட்கும். சங்கடப் படலை அந்நியனை இருத்தித் தண்ணீர் கொடுக்கும். உள்ளே, பழைய வீடாயின் நாற்சார் வீடு: நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிவர நான்கு பக்கமும் தாழ்வாரம். மழைக்காலத்தில் நான்கு கூரைநீரும் நடுமுற்றத்தில் விழும். அடுக்களை தனியே, மாட்டுக் கொட்டில் தனியே, கிணறு வளவின் ஓரத்தில், பெரும்பாலும் இரு வளவுக்கும் பொதுவாக.

கிணற்றைப் பற்றியும் சிறிது சொல்லுதல் வேண்டும். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. ஐப்பசி கார்த்திகை மாரியில் விழும் மழைநீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிற் புகுந்து, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அளவாக இறைத்தால் நன்னீர். அளவு மீறினால் உவர் மேலேறும். அதாவது, ஒருவன் கிணற்றில் ஆசைப்பட்டு இறைத்தால் அயலானின் கிணறும் உவர்க்கும். நிலத்தின் மேலே எத்தனை வேலி அடைத்தாலும் நிலத்தின் கீழே அனைவருக்கும் தண்ணீர் ஒன்றே.

ஊரின் குறைகளை மறைத்து எழுதுதல் நேர்மையாகாது. சங்கடப் படலையில் தண்ணீர் குடிக்கலாம் என்று மேலே கூறினோம். யாவரும் குடிக்கலாம் என்று கூறவில்லை. சாதியின் பெயரால் சிலர் படலைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். பிறர் வார்க்க, கைகளைக் குவித்துத் தண்ணீர் வாங்கினார்கள். கிணற்றுக் கட்டில் ஏற அவர்களுக்கு உரிமையிருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த மதில் குறுயேரின் மதிலிலும் உயரமானது. அதனைப் பேத்திக்கும் சொன்னோம். “அவை பாவம்” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

இனி, எமது வேலியின் கதைக்கு வருவோம்.

எமக்கும் கிழக்கு வளவாருக்கும் இடையே ஒரு வேலி. வேலியிலே ஒரு பொட்டு. அதாவது குனிந்து நுழையும் ஒரு சிறு வழி. கறி போகும், கறி வரும். குழந்தைகள் போவார்கள், கோழிகள் வரும். 1986 ஆம் ஆண்டில் வேலி அடைக்கும்போது, அவ்வளவு அண்ணர் ஒரு சொல் சொன்னார்: “தம்பி, உங்கட ஐயா முந்தி வேலி அடைக்கேக்கை கதியாலை ஒரு முழம் எங்கட பக்கம் தள்ளிப் போட்டவர். இந்த முறை நேராக்கிப் போடுவம்.” காலஞ்சென்ற எமது தந்தையாரைக் கள்வன் என்றதாகவே அது எம் செவியில் விழுந்தது. நாம் சொல்லத்தகாத சொற்களைச் சொன்னோம். அன்று மாலையே பொட்டை முள்ளால் அடைத்தோம். நான்கு ஆண்டுகள் இரு வீட்டாரும் முகம் பார்க்கவில்லை. அவர் வீட்டுத் திருமணத்துக்கு நாம் செல்லவில்லை. எம் வீட்டு மரணத்துக்கு அவர் வந்து படலையடியில் நின்று திரும்பினார்.

1990 ஆம் ஆண்டு இரு குடும்பமும் ஒரே நாளில் ஓடினோம். முகாமிலே எங்களுக்குக் கிடைத்த கொட்டில்களும் அருகருகே அமைந்தன. நடுவே ஒரு சாக்குத் திரை. அவர் இருமினால் எமக்குக் கேட்கும். எம் பிள்ளை அழுதால் அவருக்குக் கேட்கும். மூன்றாம் நாள் அவர் திரையை விலக்கி ஒரு கேத்திலை நீட்டினார். “தம்பி, தேத்தண்ணி ஆறப்போகுது” என்றார். அன்று தொடங்கிய பேச்சு பின்னர் ஓயவில்லை. 1995 ஆம் ஆண்டு பெரும் இடப்பெயர்வில் தென்மராட்சிக்குச் சென்றபோதும் சேர்ந்தே சென்றோம். சேர்ந்தே திரும்பி முகாமுக்கு வந்தோம். வேலியைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை. ஒரே ஒரு முறை, மழை ஒழுகிய ஓர் இரவிலே, அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: “சண்டை பிடிக்கிறதுக்கு எங்களிட்டை ஒரு வேலியாவது இருந்ததே, தம்பி!”

2006 ஆம் ஆண்டு அவர் அம்முகாமிலேயே கண்மூடினார். ஊரைக் காணவில்லை.

2017 இல் பற்றைக்காட்டினுள் நின்ற எம்மிடம் ஓர் இளைஞன் வந்தான். அவருடைய இளைய மகன். இருவருமாகக் கத்தியால் வெட்டிக்கொண்டு சென்றபோது அவனுடைய காலிலே கற்கட்டு ஒன்று தட்டுப்பட்டது. எங்கள் பொதுக்கிணறு! துலாவும் இல்லை, ஆடுகாலும் இல்லை. ஆயினும் அடியிலே நீர் இருந்தது. அக்கிணற்றை வைத்தே ஏனையவற்றை ஊகித்தோம்: இங்கே அடுக்களை, இங்கே மாமரம், இங்கே வேலி. வேலி என்றதும் இருவரும் மௌனமானோம். “மாமா, நீங்கள் சொல்லுற இடத்திலை வேலியைப் போடுவம்” என்றான் அவன். அந்தச் சொல் எம்மைச் சுட்டது. அவனுடைய தந்தையார் கேட்டது ஒரு முழம், நாம் மறுத்தோம். மகனோ கேளாமலே முழுவதையும் எமது சொல்லுக்கு விட்டுவிட்டான். நில அளவையாளரை அழைக்க நாம் அஞ்சியது இதனாலேயே. அண்ணர் சொன்னதே சரியென்று சங்கிலி காட்டிவிட்டால், மன்னிப்புக் கேட்பதற்கு அவர் எங்கே இருக்கிறார்?

குறுயேரின் அளவைக்கல்லைத் தடவிக்கொண்டு நின்றபோது எம் உள்ளத்தில் ஓடியது இவ்வெண்ணமே. அளவு எம் ஞாபகத்தில் இருக்கலாகாது; எல்லாரும் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

இன்னுமொன்றும் அங்கே கண்டோம். மதில் சூழ்ந்த ஊர் என்று மகள் சொன்னபோது, வீட்டுக்கு வீடு மதில் இருக்குமென்றே எண்ணிச் சென்றோம். இல்லை! மதில் ஊருக்கு ஒன்றே. அதனுள்ளே வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்பது இருவருக்கும் பொதுவான ஒரே சுவர். ஒருவன் தன் சுவரை இடித்தால் அயலானின் கூரையும் விழும். குன்றின்மேல் அஞ்சி வாழ்ந்த அம்மக்கள் அயலானுக்கு அஞ்சி மதில் கட்டவில்லை. அயலானோடு சேர்ந்து நின்றே மதில் கட்டினார்கள். நாமோ ஊருக்கு மதில் இல்லாமல் வாழ்ந்தோம். வேலிகளின் பொட்டுகளால் ஒருவரையொருவர் அடைந்தோம். இப்பொழுது ஊருக்கும் மதிலின்றி, வேலிக்குப் பொட்டுமின்றி, ஆளுக்கொரு கோட்டை கட்டிக்கொண்டு இருக்கப் போகிறோமா? அப்படியாயின் குன்றூராரின் காவலும் எமக்கில்லை; எம் முன்னோரின் உறவும் எமக்கில்லை.

இறக்கத்தில் மகளிடம் வேலிக்கதை முழுவதையும் சொன்னோம். அவள் நெடுநேரம் பேசாமல் வந்தாள். நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது, “அப்பா, நீங்கள் போனவுடனே அளப்பியுங்கோ. மதில் வேண்டாம்” என்றாள்.

ஊர் திரும்பியதும் அண்ணரின் மகனையும் கூட்டிக்கொண்டு நில அளவையாளரிடம் சென்றோம். பழைய வரைபடத்தையும் உறுதிகளையும் வைத்து, கிணற்றை ஓர் அடையாளமாகக் கொண்டு, ஒரு காலை முழுவதும் அளந்தார். எல்லைக்கல்லை ஊன்றியபின் நாம் கிணற்றுக் கட்டிலிருந்து அடிவைத்து நடந்து பார்த்தோம். நாம் வேலி நின்றதென்று சாதித்த இடம் எமக்குத் தெரியும்; கிணற்றுக்கும் வேலிக்கும் இடையிலிருந்த நடையை நாம் மறக்கவில்லை. எல்லைக்கல் அதற்கு ஒரு முழம் இப்பால், எம் பக்கத்தில் நின்றது.

அண்ணர் சொன்னது உண்மை. தந்தையார் அறிந்து செய்தாரோ, அறியாமற் செய்தாரோ, வளைந்த கதியாலை ஒட்டி அடைத்ததால் நேர்ந்ததோ, அது இனித் தெரியப் போவதில்லை. ஆனால் நாம் சொல்லிய சொற்கள் தெரிந்தே சொல்லியவை. அவற்றுக்கு அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “ஐயா இதை எப்பவோ மறந்திட்டார், மாமா” என்றான். மறந்திருக்க மாட்டார் என்பது எமக்குத் தெரியும். மறந்தவர்போல் நடந்துகொண்டார், அது மறப்பதிலும் பெரிது.

மாரி தொடங்குமுன் இருவருமாக எல்லைக்கல்லுக்குக் கல் கயிறு பிடித்துக் கதியால் நட்டோம்: பூவரசும் கிளுவையும். மழை விழுந்ததும் அவை துளிர்த்துவிட்டன. ஓலை அடைப்பதற்கு எங்கள் வயதில் ஆட்கள் அரிது. ஊரில் பனைகளும் முன்போல் இல்லை. ஆதலின் இப்போதைக்குக் கதியாலும் கம்பியுமே. வேலி என்று சொல்லிக்கொள்ள அது போதும்.

கிணற்றடியில், பழைய பொட்டு இருந்த இடத்தை நாம் அடைக்கவில்லை. கம்பியை அந்த இடத்தில் நிறுத்திவிட்டோம். வருகிற விடுமுறைக்குப் பேத்தி வருகிறாள். ‘ஊர் எங்கே முடிகிறது’ என்று மறுபடி கேட்பாளாயின், அவளை அந்தப் பொட்டின் வழியாகக் குனிந்து நுழையச் சொல்லலாம் என்று இருக்கிறோம்.